பீரோவும் பொருள் வரைதலும்



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. அதனைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கேட்போர் நிலபுலன்களையும் பொன்னையும் வட்டிக்கு விட்ட பணத்தையும் நினைத்துக்கொள்கின்றனர். “மாதச் சம்பளக்காரர்களாகிய நம்மிடம் வரையறுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?” என்று கூறி, அவ்விரதத்தைச் செல்வர்களுக்கே விட்டுவிடுகின்றனர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அது தவறென்று நமக்கு உணர்த்தியது நம் இல்லத்துப் படுக்கையறையில் நிற்கும் ஓர் இரும்பு பீரோ. ஆகவே அந்தப் பீரோவைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தோம். சமயப் பத்திரிகையில் பீரோவுக்கு என்ன வேலை என்று எண்ணுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

வெளிப்பற்றுகள் பத்து என்பதை நம் பாடசாலைப் பிள்ளைகள் அறிவர். நிலம், மனை, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிப்பெண், பணியாள், ஆடை, பாத்திரம் என்று ஒப்பிப்பார்கள். எத்தனையோ ஆண்டுகள் நாமே அவர்களை ஒப்பிக்கச் செய்திருக்கிறோம். அப்பட்டியலில் ஆடை இருப்பது நம் நாவுக்குத் தெரியும், செவிக்கு எட்டவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தில் ‘குப்யம்’ என வரும் சொல்லுக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரையில் பூஜ்யபாத சுவாமிகள் பட்டு, பருத்தி, சந்தனம் முதலியவை என்றே பொருள் விரிக்கிறார். பட்டும் பருத்தியும் இன்று எங்கே இருக்கின்றன? பெட்டகங்களிலா? நம் படுக்கையறைப் பீரோக்களில் அல்லவா?

இனி நடந்ததைக் கூறுவோம். நமது வீடு இரண்டு படுக்கையறைகள் கொண்டது. ஒன்று நமக்கு. மற்றொன்றில் மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி, ஆறு வயதுப் பேரன் ஆகிய நால்வர். மருமகள் மூன்றாம் முறையாகக் கருவுற்று ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவ்வறையிலுள்ள பீரோவைப் பூட்ட வேண்டுமானால் கதவை முழங்காலால் அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். திறந்தாலோ மேல்தட்டிலிருந்து ஏதேனும் ஒன்று தலையில் விழும். பள்ளிச் சீருடையைத் தேடிக் காலை வேளையில் குழந்தைகள் அழுவதும், அவர்கள் தாய் சினப்பதும், மகன் எரிந்து பேசுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. “இன்னொரு பீரோ வாங்கிவிடலாம்” என்றான் மகன். அதை வைப்பதற்கு அவ்வறையில் இருந்தது ஒரே இடம். உத்தரத்தில் தூளி கட்டும் கொக்கிக்கு நேர் கீழே!

பிறக்கப் போகும் குழந்தையின் தூளிக்குரிய இடத்தில் பீரோ நிற்கப் போகிறதே என்று நமக்குச் சினம் வந்தது. மருமகளை அழைத்து உட்கார வைத்தோம். ஆடித் தள்ளுபடியில் வாங்கிக் குவிப்பது பற்றியும், பரிக்கிரகத்தின் கேடு பற்றியும் அரைமணி நேரம் உபதேசம் செய்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற வாய் அல்லவா, எளிதில் ஓயாது. அவள் குறுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை. முடிவில், “நாளைக்கு நீங்களே கூட உட்கார்ந்து பிரித்துக் கொடுங்கள் அத்தை” என்றாள்.

மறுநாள் பாயை விரித்து, ஒவ்வொரு தட்டாக இறக்கினோம். பீரோவில் ஐந்து தட்டுகள். மேல் மூன்று தட்டுகளில் நால்வரின் துணிமணிகளும் நெருங்கிக் கிடந்தன. கீழ் இரண்டு தட்டுகளில் இருந்தவை யாருடையவை? முற்றிலும் நம்முடையவை! நம் அறையிலிருந்த பீரோ நிரம்பியபின், “சிறிது நாளைக்கு” என்று சொல்லி நாமே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தவை. வைத்த நினைவும் நமக்கு இல்லை. மருமகள் நம் முகத்தைப் பார்க்காமல் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

இங்கே நூலொன்றை நினைவுகூர வேண்டும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறுகிறார். பொருள் என்றோ உடைமை என்றோ அவர் கூறவில்லை, மூர்ச்சை என்கிறார். ‘இது என்னுடையது’ என்னும் பற்றுமயக்கமே அச்சொல்லின் கருத்து. தமிழில் நாம் மூர்ச்சை என்றால் நினைவிழந்து விழுதலைக் குறிக்கிறோம். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மூர்ச்சையுற்றவர் தாம் மூர்ச்சையுற்றதை அறிவதில்லை. அருகில் இருப்பவரே அறிவார். ஆதலால் ஒருவர் தம் உடைமைகளைத் தனியே அமர்ந்து பிரித்தல் பயனளிக்காது என்பது நம் துணிபு. மாமியார் பீரோவை மருமகளும், மருமகள் பீரோவை மாமியாரும், பெற்றோர் பீரோவைப் பிள்ளைகளும் உடனிருந்து பிரிக்க வேண்டும். எடுத்த பொருளை மீண்டும் வைக்கப் போகும் கையை, “ஏன்?” என்று கேட்க ஒருவர் வேண்டும்.

அன்று நம் கையைப் பிடித்துக் கேட்டவள் பத்து வயதுப் பேத்தி. முதலில் வந்தவை பொன்னாடைகள். பணி நிறைவு விழா, பள்ளி ஆண்டு விழாக்கள், ஊர்ப் பொதுக்கூட்டங்கள் ஆகியவற்றில் போர்த்தப்பட்டவை. எண்ணினால் இருபத்து மூன்று. சரிகை கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. “இதை எப்போது போட்டுக்கொள்வீர்கள் பாட்டி?” என்றாள். போர்த்திய நாளுக்குப் பின் ஒருமுறையும் இல்லை. ஆயினும் கொடுத்துவிட மனம் வரவில்லை. ஏன் என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். உட்பற்றுகள் பதினான்கு. மித்தியாத்துவம் ஒன்று, வெகுளி, செருக்கு, வஞ்சனை, உலோபம் என்னும் கஷாயங்கள் நான்கு, நகை, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம், அருவருப்பு என்பவற்றோடு மூவகை வேதங்களும் சேர்ந்த நோகஷாயங்கள் ஒன்பது. அப்பொன்னாடைகள் குளிரைத் தாங்கவோ உடலை மறைக்கவோ வைக்கப்பட்டவை அல்ல. செருக்கை மடித்து வைத்திருந்தோம்.

அடுத்து வந்தவை ரவிக்கைத் துணிகள். தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்தவை, அறுபதுக்கு மேல். ஒரு வீட்டில் பெற்றதை மறு வீட்டில் கொடுத்து, அது சுற்றிச் சுற்றி நம்மிடமே திரும்பி வந்ததும் உண்டு. இவற்றைத் தைத்து உடுத்துவார் எவருமில்லை. எனினும் ‘யாருக்காவது கொடுக்க ஆகும்’ என்று சேர்த்து வைக்கிறோம். கொடுப்பதற்காகச் சேர்க்கிறோம் என்று உலோபம் நம் காதில் ஓதுகிறது. அது ஓதுவதில் வல்லது.

பேரக்குழந்தைகளுக்குச் சிறிதாகிப் போன உடுப்புகள் இரண்டு சாக்குப் பைகள் நிறைய இருந்தன. இவற்றில் பாதி மருமகள் வைத்தவை, பாதி நாம் வைத்தவை. மூன்றாவது குழந்தைக்கு ஆகும் என்பது காரணம். காரணம் நல்லதே, ஆயினும் கணக்கிட்டோமா? கைக்குழந்தைக்கு ஓரளவு உடுப்பு சில மாதங்களே பொருந்தும். ஓர் அளவில் பன்னிரண்டு உடுப்புகள் இருந்தால், நாள்தோறும் துவைக்கும் வீட்டில் அவை போதும். அவ்வாறு எடுத்து வைத்தபோது ஒன்றரைச் சாக்கு மிஞ்சியது. அந்த ஒன்றரைச் சாக்கும் அச்சம். ‘பிறகு இல்லாமற் போனால்?’ என்னும் அச்சத்துக்குக் கொடுத்த இடம்.

கடைசியாக, அடித்தட்டின் மூலையில் ஒரு பழைய துண்டில் சுற்றியபடி, காலஞ்சென்ற நம் கணவரின் நான்கு வெள்ளைச் சட்டைகளும் இரண்டு வேட்டிகளும் இருந்தன. ஒன்பது ஆண்டுகளாக அவற்றை அவிழ்க்கவில்லை. பேத்தி அப்போது ஒன்றும் கேட்கவில்லை. துயரமும் பதினான்கில் ஒன்று என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது அது எளிய பாடமாகவே இருந்தது.

துண்டை அவிழ்த்தோம். உள்ளே இராமபாணப் பூச்சிகள் மடிந்து உலர்ந்து கிடந்தன. நாம் போட்டு வைத்திருந்த நாப்தலின் உருண்டைகள் கரைந்து மிளகளவு ஆகியிருந்தன. அன்பின் பெயரால் காத்து வைத்த துணியில் அத்தனை உயிர்கள் நம்மாலேயே மாண்டிருந்தன. சூரியன் மறையுமுன் உண்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பீரோவுக்குள்ளே ஆண்டுக்கணக்கில் நஞ்சு வைத்திருக்கிறோம். நாம் பூச்சியைக் கொல்ல எண்ணி வைக்கவில்லை, துணியைக் காக்கவே வைத்தோம் என்பது உண்மை. ஆனால் பொன்னூர்மலையில் தவமியற்றியதாக நம் மரபு போற்றும் குந்தகுந்த ஆசாரியர் பிரவசனசாரத்தில் துறவிகளுக்குக் கூறுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். உடலசைவினால் ஓர் உயிர் மாயுமானால் அதனால் வினைக்கட்டு நேரலாம், நேராமலும் போகலாம். உடைமையினால் நேரும் கட்டோ உறுதியானது என்பது அவர் கருத்து. இல்லறத்தார்க்கு அவ்வளவு கடுமை இல்லை. எனினும் அன்று அந்தத் துண்டின் முன் அமர்ந்திருந்தபோது, கொலையும் உடைமையும் வெவ்வேறு பாடங்கள் என்று நாம் பிரித்துக் கற்பித்தது பிழையோ என்று தோன்றியது.

நாப்தலினைப் பற்றி இன்னொன்றும் தாய்மார்கள் அறிய வேண்டும். பிறவியிலேயே ஒருவகை நொதிக்குறை உள்ள குழந்தைகளுக்கு, நெடுநாள் அவ்வுருண்டைகளோடு இருந்த துணியை உடுத்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சட்காமாலை உண்டாகக்கூடும். அக்குறை பார்வைக்குத் தெரியாது. ஆதலால் கைக்குழந்தை உள்ள வீட்டில் அவ்வுருண்டை வேண்டவே வேண்டா. நிழலில் உலர்த்திய வேப்பிலையையும் வசம்பையும் சிறு துணிப் பைகளில் இட்டு வைக்கலாம். பூச்சி அவற்றின் மணத்தை விரும்பாது. கஞ்சி போட்ட துணியை நெடுநாள் அடைத்து வைத்தலாகாது. அக்கஞ்சியே பூச்சிக்கு உணவு. பீரோவைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் ஈரம் தங்காது. பட்டுப்புடவையைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி வைத்தால் சரிகை முறியாது. பூச்சி வந்தபின் கொல்லாமலிருக்க முயல்வதைவிட, வாராமல் பார்த்துக்கொள்வதே நம்மவர்க்கு ஏற்ற வழி. இவையெல்லாம் துணி குறைவாக இருந்தால் மட்டுமே செய்ய இயலும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முனிவர்களுக்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று, பொருள்களை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு. மயிற்பீலியால் இடத்தை மெல்லத் துடைத்து, சிற்றுயிர் இல்லை என்று கண்டபின்னரே கமண்டலத்தை வைப்பார்கள். அவர்களிடம் இருப்பவை பீலி, கமண்டலம், நூல் என்னும் இரண்டு மூன்று பொருள்களே. ஆதலால் பார்த்து எடுக்கவும் பார்த்து வைக்கவும் முடிகிறது. திணித்து வைத்த பீரோவில் அடியிலுள்ள சட்டையை இழுத்தால் மேலுள்ள பத்தும் சரிகின்றன. இடுக்கில் இருக்கும் பூச்சி நசுங்குகிறது. சரிந்ததை வாரித் திணிக்கிறோம். எனவே மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகங்களை நிறுத்துவதுபோல் நிறுத்தி வைத்தோம். ஒன்றை எடுத்தால் மற்றது கலையவில்லை. பேரனுக்கு அடித்தட்டு, பேத்திக்கு அதற்கு மேல்தட்டு. தத்தம் கைக்கு எட்டும் இடம் என்பதால் சீருடைக்காக எவரும் அழுவதில்லை.

ஆயினும் அடுக்குதல் வேறு, வரைதல் வேறு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அழகாக அடுக்கிய பீரோ ஆறு மாதத்தில் மீண்டும் பிதுங்கும். அதன்பின் புதிய பீரோ வரும். ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றபோது முதற்கட்டம் ‘நோக்கம்’ என்றே எழுதுவோம். உபகரணம் பின்னரே வரும். நாம் பீரோ என்னும் உபகரணத்தை முதலில் வாங்கிவிட்டு, நோக்கத்தைப் பிறகு தேடுகிறோம். காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு கூறும் சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் போகம், உபபோகம் என இரண்டைப் பிரிக்கிறார். ஒருமுறை துய்த்ததும் கழிவது போகம். மீண்டும் மீண்டும் துய்ப்பதற்குரியது உபபோகம். முன்னதற்கு உணவும் பின்னதற்கு ஆடையுமே அவர் தரும் எடுத்துக்காட்டுகள். இவற்றுக்கு வாழ்நாள் முழுதும் அளவு வகுத்துக்கொள்வது யமம். குறித்த காலத்துக்கு வகுத்துக்கொள்வது நியமம். நம் போன்றோர் நியமத்திலிருந்து தொடங்கலாம். மிகுபொருள் விரும்பாமைக்கு அதே நூல் கூறும் ஐந்து வழுக்களுள், அளவுக்கு மீறிச் சேர்த்தலோடு பிறர் உடைமை கண்டு வியத்தலும் ஒன்று. கலியாண வீட்டில் அடுத்தவர் புடவையை நாம் பார்க்கும் பார்வை அது!

நம் இல்லத்தில் ஒரு குறிப்பேடு போட்டோம். ஒவ்வொருவரும் தம் தேவையைத் தாமே கூறினர். மற்றவர் ஒப்பினால் எழுதினோம். அன்றாடம் உடுத்த நமக்கு எட்டு நூற்புடவைகள், வெளியே செல்ல மூன்று. மருமகள் அலுவலகம் செல்பவள். அவளுக்குப் பதினைந்து என்றதற்கு நாம் மறுப்புக் கூறவில்லை. அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். குறைத்துச் சொல்லி உடைப்பதைவிடக் கூட்டிச் சொல்லிக் காப்பது மேல். மகனுக்குத்தான் இதில் சிறிது கோபம். அவன் சட்டைகள் அவன் நினைத்ததைவிட இரு மடங்கு இருந்தன.

விரதம் என்று வந்தால் தந்திரமும் உடன் வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் தம் யோக சாஸ்திரத்தில் இத்தகைய தந்திரங்களைச் சுட்டுகிறார். நிலத்தின் எண்ணிக்கை மிகாதிருக்க, இடையிலுள்ள எல்லையை நீக்கி இரண்டை ஒன்றாக்கிக்கொள்ளுதல். வரம்பை மீறிய பொருளைக் காலம் முடியும்வரை பிறர் வீட்டில் விட்டு வைத்தல். கன்று பிறந்தால் எண்ணிக்கை கூடும் என்று பசுவைக் காலந்தாழ்த்திச் சினைப்படுத்துதல். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் நம் வீட்டைப் பார்த்தே எழுதினாரோ என்று வியந்தோம். மிகுந்த துணிகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடலாம் என்றான் மகன். அக்காள் வீட்டில் பெரிய அலமாரி இருக்கிறது, சிலவற்றை அங்கே அனுப்பலாம் என்ற யோசனையோ நம்முடையதே.

“பரிக்கிரகம் என்பது மூர்ச்சைதானே, எனக்குப் பற்றில்லை, பொருள் எத்தனை இருந்தால் என்ன?” என்று வாதிடும் அன்பரும் உண்டு. பற்றில்லையேல் கொடுப்பதில் தடையென்ன என்பதே நம் விடை.

கொடுத்தல் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஆதிபகவன் துறவு பூண்டபின் ஆகாரத்துக்காக ஊர் ஊராக நடந்தார். முனிவருக்கு உணவளிக்கும் முறையை எவரும் அறியாத காலம் அது. மக்கள் யானையையும் மணிகளையும் ஆடை அணிகலன்களையும் கொண்டுவந்து நீட்டினர். அவர் எதையும் ஏற்காமல் நடந்துகொண்டே இருந்தார். ஹஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் முற்பிறவி நினைவு வந்து கரும்புச்சாறு அளித்தபோதே பாரணை நிகழ்ந்தது. அந்நாளே அட்சய திருதியை. இன்று அந்நாளில் நகைக்கடை வாயிலில் வரிசை நிற்கிறது, நம்மவரும் நிற்கிறார்கள். அது கிடக்கட்டும். தம்மிடம் மிகுந்ததை மக்கள் நீட்டினர்; பெறுபவருக்குத் தேவையானதை மன்னன் அளித்தான். கிழிந்ததையும் பொத்தான் அற்றதையும் மூட்டையாகக் கட்டி ஏழை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வருவது தானம் அன்று. நம் குப்பையை இடம் மாற்றுதல். நாங்கள் ஒரு வாரம் துவைத்து, பொத்தான் தைத்து, அளவு வாரியாகப் பிரித்தபின், கேட்டறிந்தே கொடுத்தோம். ரவிக்கைத் துணிகளைத் தையல் தெரிந்த பெண்மணி ஒருவர் பெற்று, ஒட்டுப் போட்டுச் சிறு பிள்ளைகளுக்குப் பாவாடைகள் தைத்தார். பொன்னாடைகளை மட்டும் எவரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்பதும் நமக்கு ஒரு பாடமாயிற்று.

பட்டுப்புடவைகளைப் பற்றி எழுத வேண்டாமென்று இருந்தோம். எழுதாமல் விடுவது வஞ்சனை. ஒரு பவுண்டு கச்சாப் பட்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கூடுகள் வேண்டும். கூட்டினுள் இருக்கும் உயிரோடு அவை வெந்நீரிலோ ஆவியிலோ இடப்படுகின்றன. நம்மிடம் பதினான்கு பட்டுப்புடவைகள் இருந்தன. பதின்மூன்றைக் கொடுத்துவிட்டோம், இனிப் புதிதாக வாங்குவதில்லை என்பதை யமமாகவே ஏற்றுள்ளோம். கூறைப்புடவை மட்டும் இருக்கிறது.

சட்டைகள் நான்கையும் தேவைப்பட்ட ஒரு முதியவர் பெற்றுக்கொண்டார். வேட்டி இரண்டையும் மருமகளே கேட்டு வாங்கி, பலமுறை துவைத்து வெயிலில் உலர்த்தி வைத்தாள். குழந்தை பிறந்து இப்போது ஐந்து மாதமாகிறது. தன் பாட்டனாரின் வேட்டியில் கட்டிய தூளியில் அந்தக் கொக்கியிலேயே உறங்குகிறான்.

தசலட்சண பருவத்தின் எட்டாம் நாள் உத்தம தியாகம், ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யம். எட்டாம் நாள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, ஒன்பதாம் நாள் குறிப்பேட்டை எடுத்து எண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். எண்ணும் பொறுப்பைப் பேத்தி ஏற்றிருக்கிறாள். நம் பக்கத்தில் ‘கூறைப்புடவை, 1’ என்று நாம் எழுதியதற்கு எதிரே பென்சிலால் ஒரு வினாக்குறி இட்டு வைத்திருக்கிறாள். அதை நாம் அழிக்கவில்லை.